உருளைப் பாத்தியில் ஒரு கை

முதல் உருளைக்கிழங்குச் செடியைப் பிடுங்கியபோது சாவிக்காரருக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாவதில் சிரிப்பு நின்றது. மூன்றாவதைப் பிடுங்கி உதறிப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, இடுப்பில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, வீட்டுப் பின்புறத் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

செடியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முழங்கால் உயரம், கரும்பச்சை இலை, நுனியில் கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ. மேலே இத்தனை ஜம்பம் காட்டிய செடிக்கு அடியில் இருந்தவையோ கோலிக்குண்டு அளவில் நாலைந்து பிஞ்சுகள். பெரிய கிழங்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் பெரிய கிழங்கு இருந்த தடம் இருந்தது. வேரோடு தொங்கிய வெள்ளைத் தண்டுகளின் நுனியில், எதையோ பதமாகத் திருகி எடுத்த அடையாளம் பளிச்சென்று தெரிந்தது.

எலி திருகாது, கடிக்கும். பெருச்சாளி என்றால் பாத்தியே தலைகீழாகியிருக்கும்.

யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

வைத்தது யார் வீட்டில் என்று பாருங்கள். ஊரில் எந்தக் கதவு அடம்பிடித்தாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில், உள்ளே போனால் திரும்பி நிற்கக்கூட முடியாத ஒரு கடை. சுவர் முழுக்க வெட்டாத சாவிகள். நடுவில் சாவி வெட்டும் மிஷின். அசல் பெயரை அவரே எப்போதாவது கையெழுத்துப் போடும்போதுதான் நினைத்துக்கொள்வார். அப்பேர்ப்பட்ட சாவிக்காரர் தோட்டத்தில் திருட்டு! வெளியில் தெரிந்தால் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்.

இத்தனைக்கும் பாத்தி அவருடையது அல்ல. மனைவியுடையது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். விதைக் கிழங்கை முட்டை அட்டையில் அடுக்கி, ஜன்னலோரம் முளைவிட வைத்து, மண்ணைப் பொடித்து, நட்டு முடித்தது எல்லாம் அவள்தான். நட்டு முடித்த மறுநாள் ஒரு பையை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

சண்டை இல்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. வேலையிடத்தில் சூடு பட்டு அவள் மணிக்கட்டு வெந்திருந்தது. கட்டுப் போட்ட கையோடு சமைத்தாள், கட்டுப் போட்ட கையோடு பாத்தி வெட்டினாள். சாவிக்காரர் கட்டைப் பார்த்தார். பெரிய காயமாக இருந்தால் அவளே சொல்லுவாள் என்று சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். கட்டை அவிழ்த்த அன்றைக்கு அவள் கேட்டாள்:

“கடைசி வரைக்கும் என்ன ஆச்சுன்னு கேக்கலைல்ல நீங்க?”

“பாத்தேனே.”

“பாத்தீங்க. ஊர்க் கதவையெல்லாம் திறக்கறீங்க, வீட்டுக்கு வந்தா வாயைத் திறக்க மாட்டேங்கறீங்க. சுவத்தோட பேசறதுக்கு என் தங்கச்சியோட பேசிட்டுப் போறேன். கொஞ்ச நாளைக்கு.”

செருப்பை மாட்டிக்கொண்டே கடைசியாகச் சொன்னதும் கிழங்கைப் பற்றித்தான். “பூ வந்ததும் எடுத்துடுங்க. புதுக் கிழங்குன்னா கட்டைவிரலால தேய்ச்சாலே தோல் வழண்டு வரணும். விட்டீங்கன்னா தடிச்சிடும்.”

கொஞ்ச நாள் இரண்டு மாதத்தைத் தாண்டிவிட்டது. சாவிக்காரர் போன் செய்யவில்லை. வரவேண்டும் என்று தோன்றினால் வருவாள் என்பது அவர் கணக்கு. ஒரு தட்டு, ஒரு டம்ளர். அதையே கழுவிக் கவிழ்த்து, அதையே மறுபடி நிமிர்த்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடையை மூடும் நேரம் வந்த பிறகும், ஏற்கெனவே வழவழப்பாக இருக்கும் சாவிக்கு இன்னும் இரண்டு இழுப்பு அரம் போட்டுக்கொண்டு நின்றார். வீட்டுக்குப் போனால் குக்கர் விசிலைத் தவிர வேறு குரல் கிடையாது.

“என்ன சாவி, தனியா நின்னு மொறைக்கறே? மண்ணு பயந்துடப் போகுது.”

பக்கத்து வீட்டுக் கண்டக்டர். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இருக்கும் ஒரே டியூட்டி, மதில் மேல் தாடையை வைத்துக்கொண்டு அடுத்த வீட்டைப் பார்ப்பதுதான்.

“கண்டக்டர் சார், நேராவே கேக்கறேன். என் பாத்திப் பக்கம் வந்தீங்களா?”

“நானா? மதில் ஏறியா? இந்த முட்டியை வெச்சுக்கிட்டுக் கட்டில் ஏறவே எனக்கு ரெண்டு பேர் கை குடுக்கணும்.”

“கிழங்கைக் காணோம்.”

“எவ்வளவு?”

“எண்ணியா வெச்சேன்? மண்ணுக்கடியில இருந்துது.”

“அப்ப இருந்துதுன்னு எப்படித் தெரியும்? பஸ்ஸுல ஏறாதவன்கிட்ட டிக்கெட் கேக்கற மாதிரியில்ல இருக்கு!” சிரித்துவிட்டுக் கண்டக்டர் குரலைத் தாழ்த்தினார். “ஆனா ஒண்ணு சொல்றேன். மத்தியானத்துல உன் தோட்டத்துப் பின்கதவு பூட்டுச் சத்தம் கேக்கும். நீதான் சாப்பிட வர்றேன்னு நெனைச்சுப்பேன்.”

“மத்தியானம் நான் கடையை விட்டு நகர்றதே இல்லையே.”

“அப்ப ஓசி டிக்கெட் ஒண்ணு ஏறியிருக்கு.”

“உடைக்கற சத்தமா?”

“சேச்சே. சாவி போட்டுத் திறக்கற சத்தம். போகும்போது மறுபடி பூட்டிட்டு வேற போகும். ரொம்ப ஒழுக்கமான திருடன்பா.”

உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். சாவிக்காரருக்குப் புரியவில்லை. வாழ்நாள் தொழில் கண்ணை மறைத்தது. சாவி போட்டுத் திறந்தான் என்றதும் அவருக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். கள்ளச்சாவி! தன் பூட்டுக்கு எவனோ அச்சு எடுத்துவிட்டான்! கிழங்கு போனதைவிட அதுதான் அவருக்குச் சுருக்கென்றது.

பொழுது சாய்வதற்குள் கடைக்குப் போய், இருப்பதிலேயே நல்ல பூட்டாகப் பார்த்து எடுத்து வந்தார். குறுகலான வாய், உள்ளே இரட்டை வரிசைப் பற்கள். அச்சு எடுப்பவன் தலையால் தண்ணீர் குடிக்க வேண்டும். பழைய பூட்டைக் கழற்றி, புதியதை மாட்டி, சாவியைத் திருப்பியபோது ‘க்ளக்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தில் நெஞ்சு நிமிர்ந்தது.

மதிலுக்கு மேலிருந்து, “ரைட்டு, போலாம்!” என்றார் கண்டக்டர்.

அடுத்த சில நாட்கள் தோட்டம் பத்திரமாக இருந்தது. திருடன் தோற்றான் என்று சாவிக்காரர் திருப்தியாகத் தூங்கினார். குப்பைக் கூடையோடு பின்கதவுக்கு வந்த ஒரு காலையில்தான், வெளிப்பக்கம் புதுப் பூட்டின் முகத்தில் அந்தக் கீறலைக் கவனித்தார்.

குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

கம்பி விட்டுப் பூட்டைத் திறக்க வந்தவன் என்றால் கீறல் உள்ளே இருக்கும். இது வாயின் ஓரத்தில். அகலமான சாவி ஒன்றைக் குறுகலான வாயில் நுழைத்துப் பார்த்த தடம். நேராக ஒருமுறை. திருப்பிப் பிடித்து இன்னொருமுறை. மூன்றாவது தடவை முயற்சியே இல்லை. கோபத்தில் குத்திய பள்ளம் இல்லை, கம்பியை விட்டுக் கிண்டிய அடையாளம் இல்லை. இது நம் பூட்டு இல்லை என்று தெரிந்ததும் கை அப்படியே விலகிக்கொண்டிருக்கிறது.

அந்த அகலச் சாவி பழைய பூட்டினுடையது. உலகத்தில் அதற்கு இரண்டே சாவிகள். ஒன்று அவருடைய இடுப்புக் கொத்தில் தொங்குகிறது. இன்னொன்று...

குப்பைக் கூடையை அங்கேயே போட்டுவிட்டுப் பாத்திக்கு ஓடினார்.

இப்போது எல்லாம் தெரிந்தது. இத்தனை நாளும் கண் எங்கே போயிருந்ததோ! தண்ணீர் ஊற்றவே மறந்துபோன வாரங்களில்கூடப் பாத்தி காயாமல் இருந்தது. களை இல்லை. பூச்சி அரித்த இலைகளை யாரோ கிள்ளி ஓரமாகப் போட்டிருந்தார்கள். காற்றில் சாய்ந்த ஒரு செடிக்குக் குச்சி நட்டு, பழைய கட்டுத்துணியைக் கிழித்து இழுத்தால் அவிழ்கிற முடிச்சாகப் போட்டிருந்தார்கள். செடிக்கு வலிக்காமல், பக்கவாட்டில் கை விட்டு, பெரிய கிழங்கை மட்டும் தடவி எடுத்துக்கொண்டு, மண்ணை மூடி உள்ளங்கையால் தட்டிவிட்டிருந்தார்கள். தட்டிய தடம்கூட ஓரிடத்தில் இருந்தது. அகலமில்லாத கை.

எந்தத் திருடன் களை எடுப்பான்? எந்தத் திருடன் தண்ணீர் ஊற்றுவான்?

சலவைக்கூடத்தில் காலை ஷிஃப்ட் முடிந்து தங்கை வீட்டுக்குப் போகும் பஸ் இந்தத் தெரு வழியாகத்தான் போகும். இத்தனை நாளும் இறங்கி, வந்து, போயிருக்கிறாள். அவளை வெளியே நிறுத்தி, தன் கையாலேயே பூட்டியிருக்கிறார். அதுவும் கடையிலேயே நல்ல பூட்டாகப் பார்த்து!

சாவிக்காரர் பாத்தி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மனைவிக்குப் போன் போட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார். மறுபடி ஓய்ந்தது. வேறு வழியில்லாமல் மச்சினிச்சிக்குப் போட்டார்.

“மாமாவா! அடேயப்பா, மழை கொட்டப் போகுது. மாடியில துணி காயுது, இருங்க எடுத்துட்டு வந்துடறேன்.”

“அக்கா இல்லையா?”

“இருக்கா, இன்னைக்கு லீவு. பேச மாட்டாளாம். பூட்டையே மாத்திட்டீங்களாமே?”

“அது வந்து... திருட்டுப் போகுதேன்னு...”

“திருட்டா? யாரைத் திருடிங்கறீங்க?”

“ஐயோ, அவளைச் சொல்லலை. அவதான்னு எனக்குத் தெரியாது.”

“கட்டின பொண்டாட்டி கை வெச்ச இடம் எதுன்னு தெரியலை. நல்லா இருக்கு மாமா! அவ நட்டா, அவ எடுத்தா. என்கிட்ட சந்தைல வாங்கினேன்னு சொன்னா. எந்தச் சந்தைல வேரோட ஈரம் காயாம விக்கறாங்கன்னு எனக்கும் தோணுச்சு, ருசியா இருந்துதேன்னு தின்னுட்டுக் கம்முன்னு இருந்தேன்.”

“அவளை வரச் சொல்லு.”

“நான் எதுக்குச் சொல்லணும்? உங்க வாயை எலி தூக்கிட்டுப் போயிடுச்சா?”

“பூட்டைக் கழட்டிடறேன்னு சொல்லு.”

“கழட்டுங்க. கழட்டி உங்க கடையிலேயே மாட்டி வைங்க.” போன் வைக்கப்பட்டது.

கழற்றினார். பின்கதவில் இப்போது பூட்டே கிடையாது. தாழ்ப்பாள்கூடப் போடவில்லை. மத்தியானம் கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்து, சமையலறை ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். காற்றில் கதவு திறந்தது, மூடியது. ஒவ்வொரு முறையும் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். வந்தது ஒரு பூனை. பாத்தியைச் சுற்றி மோந்து பார்த்துவிட்டு, இவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது.

கிழங்கு காத்திருக்காதே! தினமும் ஒரு செடியின் ஓரத்தில் விரலால் தோண்டி, ஒரு கிழங்கைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பார். முதல் நாள் தோல் ஈரக் காகிதம் போல வழண்டது. பிறகு தேய்க்க வேண்டியிருந்தது. பிறகு நகம் போட்டுச் சுரண்ட வேண்டியிருந்தது. பூவெல்லாம் கொட்டி, அடி இலைகளில் மஞ்சள் ஏறியது. புதுக் கிழங்கு அவர் கண்ணெதிரிலேயே பழைய கிழங்காகிக்கொண்டிருந்தது. இனியும் காத்திருந்தால் அவளிடம் நீட்டிக் காட்டவும் ஒன்றும் மிஞ்சாது.

அன்று மண்வெட்டியை எடுக்கவில்லை. முன்பு பிடுங்கிய செடிகளில் ஒன்றிரண்டு பிஞ்சுகளை அது வெட்டிப் போட்டிருந்தது. மண்டியிட்டு, சட்டைக்கையை மடித்துக்கொண்டு, மண்ணுக்குள் கையை விட்டார். இரும்பையும் பித்தளையையும் மட்டுமே தொட்டுப் பழகிய விரல்கள். மண்ணுக்குள் குளிர்ச்சியாக இருந்தது. ஒரு கல், ஒரு வேர், இன்னொரு கல். பிறகு உருண்டையாக, கனமாக ஒன்று. ஒரு திருகு. வந்துவிட்டது. கதவோரச் செடிகளில்தான் அவள் கை வைத்திருந்தாள். மதிலோரச் செடிகள் முழுசாக இருந்தன. அடுத்தது, அதற்கு அடுத்தது என்று போகப் போக அவருக்கு நேரம் போனதே தெரியவில்லை. இந்த வீட்டில் சத்தமே இல்லாமல் மனதுக்கு இதமாக இருந்த முதல் வேலை அதுதான். எதற்காக அவள் ஒரு கிழங்குக்காக பஸ்ஸிலிருந்து இறங்கினாள் என்பது, முழங்கை வரை மண்ணில் இருந்தபோது கொஞ்சம் புரிந்தது.

கிழங்குகளைக் குழாயடியில் பளபளவென்று தேய்த்துக் கழுவி, பை நிறையப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்.

சலவைக்கூடம் ஆஸ்பத்திரியின் பின்பக்கம். சுவரில் இருந்த குழாய் வழியாக ஆவி புசுபுசுவென்று வந்துகொண்டிருந்தது. மலைபோலப் படுக்கை விரிப்பு ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று அவர் காலில் ஏறப் பார்த்தது. ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்த பெண்களின் முகங்கள் எல்லாம் வெந்நீரில் குளித்தவை போல இருந்தன. கூட்டத்தில் ஒருத்தி சிரித்தாள்.

“அக்கா, அங்க ஒருத்தர் பையோட நிக்கறாரே, உங்காளா? பூட்டு ரிப்பேருக்கு வந்திருக்காரா?”

மனைவி வந்து நின்றாள். இளைத்திருக்கிறாளா, இல்லையா? இரண்டு மாதத்துக்கு முன்னால் எப்படி இருந்தாள் என்று சரியாகப் பார்த்து வைத்திருந்தால் அல்லவா தெரியும்?

“என்ன இங்க?”

“கிழங்கு.”

பையைத் திறந்து பார்த்தாள். “கழுவிட்டீங்களா?”

“மண்ணா இருந்துது.”

“மண்ணுல இருந்தது மண்ணாத்தான் இருக்கும். கழுவினா நாள் தாங்குமா?” ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தாள். தோல் கொஞ்சம் வழண்டது, மீதி ஒட்டிக்கொண்டது. “ம்ஹும். பூ வந்ததும் எடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.”

“நீ வருவேன்னு பாத்தேன்.”

“பூட்டிட்டா?”

“பூட்டை எடுத்தாச்சு. கதவு தொறந்துதான் கிடக்கு.”

“கேள்விப்பட்டேன். தொறந்து கிடக்கற கதவு வழியா பூனைகூட வரும். அதை யாரும் வான்னு கூப்பிட வேண்டாம்.”

பூனை வந்த விஷயம் இவளுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் விழித்தார். பிறகுதான் அவள் சொல்ல வந்தது உறைத்தது. ஒரே ஒரு எழுத்து. அதைச் சொல்லத்தான் இத்தனை தூரம் வந்திருந்தார். சுற்றிலும் பத்துப் பெண்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கை எப்படி இருக்கு?” என்றார் கடைசியில்.

அவள் மணிக்கட்டைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். “ஆறிடுச்சு.”

“எப்படிப் பட்டுது?”

“இப்பவா கேக்கறது?”

“இப்பத்தான் வாய்ல வந்துது.”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். “தேய்க்கற மிஷின் உருளையில விரிப்பு சுத்திக்கிச்சு. இழுக்கப் போனேன்...” அதற்குள் பஸ் வந்துவிட்டது. கூட்டம் நகர்ந்தது. அவள் அவசரமாகத் தன் சாப்பாட்டுப் பையைத் திறந்து, கிழங்கில் பாதியை அதில் கொட்டிக்கொண்டு, மீதிப் பையை அவர் கையில் திணித்தாள்.

“நீங்களும் சாப்பிடணும்ல” என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

பஸ் போய்விட்டது. கையில் பாதிப் பை. அவள் வாங்கிக்கொள்ளாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது. இது உங்களுக்கு, இது எனக்கு என்று எவ்வளவு சுளுவாகப் பிரித்துவிட்டாள்!

வீட்டுக்கு வந்து கிழங்கை உப்புப் போட்டு வேகவைத்தார். நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை. பாத்தி வெறுமையாகக் கிடந்தது. வாடிய செடிகளை அள்ளிப் போட்ட பிறகு அந்த இடத்தைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

“சும்மா போட்டா களை ஏறிடும் சாவி. இந்தா, தக்காளி நாத்து. என் வீட்டுல மிஞ்சிப் போச்சு.” கண்டக்டர் மதில் மேல் ஒரு கட்டு நாற்றை வைத்தார். “நட்டுப் பாரு. தக்காளிக்குப் பேச்சுத் துணை வேண்டாம், தண்ணி போதும். உனக்கு ஏத்த செடி.”

மனிதர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சாவிக்காரருக்குச் சுருக்கென்றது. நாற்றை வாங்கிக்கொண்டார்.

மண்ணைக் கிளறி, விரலால் சலித்து, விட்டுப்போன பிஞ்சுக் கிழங்குகளையெல்லாம் பொறுக்கினார். ஒன்று விட்டாலும் பிறகு முளைத்து வந்து புதுச் செடியோடு மல்லுக்கு நிற்கும் என்று அவள் யாரிடமோ சொன்னது காதில் விழுந்திருக்கிறது. ஒருவேளை இவரிடமே சொல்லியிருக்கலாம். கட்டிகளை உடைத்தார், எருவைக் கலந்தார், நாற்றை வரிசையாக நட்டார். பாதி வரிசை வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். கோடு கோணலாக இருந்தது. அதைச் சொல்லிச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. யாரிடம்?

மண் கையோடு போனை எடுத்தார். இந்த முறை மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைக்கப் போன நேரத்தில் எடுத்துவிட்டாள். பேசவில்லை. பின்னால் டிவி சத்தம். மச்சினிச்சி, “யாருக்கா அது?” என்றாள்.

“ராங் நம்பர்” என்றாள் மனைவி. ஆனால் வைக்கவில்லை.

ராங் நம்பர் பேச ஆரம்பித்தது.

“பாத்தியைக் கிளறிட்டேன். முதுகு ரெண்டா போச்சு. நீ எப்படித்தான் செஞ்சியோ, அதுவும் அந்தக் கையோட. பிஞ்சு மட்டும் ஒரு டப்பா பொறுக்கியிருக்கேன். நேத்து கடைக்கு ஒருத்தர் வந்தார். ஒரு சாவியைக் குடுத்து, இது எந்தப் பூட்டோடதுன்னு கண்டுபிடிங்கன்னார். எங்க வேலை செய்யும்னு எனக்கு எப்படிய்யா தெரியும்னேன். அதுக்கு அவர், இல்ல, வீட்டைக் காலி பண்ணிட்டோம், இது மட்டும் மிஞ்சிடுச்சு, தூக்கிப் போட மனசு வரலைன்னார். ராத்திரி பூரா எனக்கு அந்த ஆள் ஞாபகம்தான். அப்புறம்... வரிசை கோணலாப் போச்சு. நீ பாத்தா சிரிப்பே. தக்காளி நட்டுக்கிட்டிருக்கேன்.”

அவ்வளவு நேரம் மூச்சுக்கூட விடாத மறுமுனை சீறியது. “என்னது?”

“தக்காளி. கண்டக்டர் குடுத்தார்.”

“கிழங்கு எடுத்த பாத்தியில யாராவது தக்காளி போடுவாங்களா? ரெண்டும் ஒரே குடும்பம். இதுக்கு வந்த நோய் அப்படியே அதுக்கும் வரும். அந்த மனுஷனுக்கு விசில் ஊதத் தெரியும், வேறென்ன தெரியும்? பிடுங்குங்க முதல்ல!”

“இப்பத்தான் நட்டேன்.”

“இப்பவே பிடுங்குங்க!”

“யாருக்கா, ராங் நம்பரைப் போய் இப்படித் திட்டறே?” என்று மச்சினிச்சி கேட்பது காதில் விழுந்தது.

சாவிக்காரர் பிடுங்கினார். “பிடுங்கியாச்சு. வேற என்ன போடறது?”

“பீன்ஸ் போடுங்க. மண்ணுக்கும் நல்லது. சமையலறை மேல்தட்டுல, மூடி வளைஞ்ச டப்பால விதை இருக்கு.”

போனைக் காதில் வைத்தபடியே போய் எடுத்து வந்தார். கறுப்பும் வெள்ளையுமாகக் கொட்டைகள். உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு நின்றார்.

“எனக்குத்தான் பீன்ஸ் ஆகாதே” என்றார்.

“அப்ப எதுக்குப் போடறீங்க? சும்மா கிடக்கட்டும்.”

மதில் மேல் கண்டக்டரின் தலை முளைத்தது. பிடுங்கிக் கிடந்த நாற்றைப் பார்த்தது. இவர் முகத்தைப் பார்த்தது. என்ன நினைத்ததோ, மெதுவாகக் கீழே இறங்கிவிட்டது.

“நீ பறிக்கத்தான்” என்றார் சாவிக்காரர். “கதவு தொறந்திருக்குன்னு சொல்லலை. வான்னு சொல்றேன். வா.”

டிவியில் யாரோ கைதட்டினார்கள். வெகுநேரம் தட்டினார்கள்.

“பீன்ஸ் காய்க்க ரெண்டு மாசம் ஆகும்” என்றாள் அவள்.

“தெரியும்.”

“தெரியாது. நான் சொல்லித்தான் இப்பத் தெரியும்.”

“சரி. இப்பத்தான் தெரியும்.”

“வர்றேன்னு நான் சொல்லலை.”

“சொல்லலை.”

“ஆழமாப் போடாதீங்க. ஒரு விரல் கணு போதும். போட்டதும் மண்ணைத் தள்ளி மூடிட்டு, உள்ளங்கையால தட்டணும். பலமாத் தட்டாதீங்க, பூட்டு இல்ல அது.”

சாவிக்காரர் போனை அணைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மண்டியிட்டார். ஒரு விதை, ஒரு தட்டு. இன்னொரு விதை, இன்னொரு தட்டு. பின்னால் வீடு எப்போதும் போல ஓசையின்றிக் கிடந்தது. சட்டைப் பைக்குள் மட்டும் எங்கோ தொலைவில் ஒரு டிவி ஓடியது, ஒரு நாற்காலி இழுபட்டது, ஒரு பாத்திரம் உருண்டது. யாரும் பேசவில்லை. யாரும் வைக்கவும் இல்லை. முதல் வரிசை முடிந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“என்ன, அதுக்குள்ள நின்னுட்டீங்களா?” என்றது பை.